பத்திரத்துக்கு ஒரு முடுக்கு

எதிர் வீட்டுக் கன்ஜி எதையாவது முடுக்கினால் போதும் என்று கையை எடுக்க மாட்டான். முடுக்கி முடித்த பிறகு காலை அகட்டி வைத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, இன்னும் ஒரு இழு இழுப்பான். ஏனென்று கேட்டால், "பத்திரத்துக்கு" என்பான். அவன் வீட்டுக் குழாயைத் திறப்பதற்குள் நமக்கு மணிக்கட்டு பிசகிவிடும். ஊறுகாய் ஜாடி மூடியை அவன் பெண்டாட்டி மிசாவோ கத்தியின் முதுகால் சுற்றிச் சுற்றித் தட்டி, வெந்நீர் ஊற்றித்தான் திறப்பாள். கேஸ் சிலிண்டர் மாற்ற வருகிறவன் அந்த வீட்டுக்கு மட்டும் நீளமான ஸ்பேனர் ஒன்றைத் தனியாக எடுத்து வருவான். எங்கள் இசோமுராவில் இது தெரியாதவர் கிடையாது. தெரியாத ஒரே ஆள் கன்ஜிதான்.

மீனை டப்பாவில் அடைக்கிற கம்பெனியை மூடியபோது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்ந்தே வேலை போயிற்று. கன்ஜி அங்கே லோடு ஏற்றுகிற இடத்தில் மேஸ்திரி. மிசாவோ மீன் குடலெடுக்கிற வரிசையில் கல்யாணமான நாள் முதலாய் நின்றவள். வேலை போன பிறகு அவன் டிவி முன்னால் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். அவள் மலையிலே வெந்நீர் ஊற்று விடுதியில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் போய், அவர்கள் அடுப்பிலேயே தாரா மீன் சாறு வைத்துக் காட்டிவிட்டு வந்தாள். ஈரல், குடல், தலை எதையும் எறியாமல் மிசோ என்கிற சோயா விழுதைக் கரைத்து வைக்கிற எங்கள் கடற்கரைச் சாறு. விடுதி அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாளாம்.

"அக்கா, அம்பத்தெட்டு வயசாச்சு. இன்னிக்குத்தான் மொத மொதல்ல ஒருத்தி என் மூஞ்சியப் பாத்து, 'உன் கைப்பக்குவம் நல்லா இருக்கு'ன்னு சொல்றா" என்று என்னிடம் வந்து சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். விடுதிக்குப் போன பஸ்ஸைப் போன வசந்தத்தோடு நிறுத்திவிட்டார்கள். நான் கொண்டுபோய் விடலாமென்றால் நான் மீன்காரி. என் குட்டி லாரி விடியுமுன் சகாத்தா துறைமுகத்துக்கு ஓடும், விடுதி அதற்கு நேர் எதிர்த்திசை. மிச்சமிருந்தது அவர்கள் வீட்டுப் பழைய கார் ஒன்றுதான். கடல் உப்பும், பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பும் இருபது வருஷம் தின்றது போக மீந்த கார். அதற்கு எஃப்.சி. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை காலையில் டவுனில் வண்டியைக் காட்ட நேரம் வாங்கியிருந்தார்கள். அது தவறினால் திங்கட்கிழமை கார் ரோட்டில் ஏறக்கூடாது. முதல் நாளே வராதவளுக்காகக் காத்திருக்க முடியாது, பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வரிசையில் நிற்கிறாள் என்று விடுதி அம்மா முன்னாடியே சொல்லிவிட்டாள்.

இத்தனையும் தெரிந்தும் கன்ஜி வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் காரைத் தொடவில்லை. முன்சக்கரத்துப் பிரேக் பேட் தேய்ந்து கிரீச்சென்று கத்துவது எனக்கு எதிர் வீட்டிலிருந்தே கேட்கும். அதை மாற்றாமல் போனால் காட்டிய இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அன்றைக்கு ஆலங்கட்டி பெய்துகொண்டிருந்தது. கடல் பக்கம் இடி. நான் மீதமிருந்த ஹதஹதா மீனை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவர்கள் ஷெட்டுக்குப் போனேன். கார் ஜாக்கியில் நின்றது, சக்கரத்தைக் கழற்றியிருந்தது. கன்ஜி நனைந்த அட்டை ஒன்றின்மேல் படுத்து, ஸ்பேனரில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தான். மிசாவோ டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெளிச்சத்தை அங்கிட்டுக் காட்டாத, இங்க காட்டு."

"இங்கதாங்க காட்டறேன்."

"நான் பாக்குற இடத்துக்குக் காட்டு. நீ பாக்குற இடத்துக்கு இல்ல."

கிறுக்கென்று ஒரு சத்தம். பைப் பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. கன்ஜியின் விரல் முட்டி காரின் இரும்பில் உரசித் தோல் கிழிந்தது. எழுந்து உட்கார்ந்து ஸ்பேனரை உற்றுப் பார்த்தான், தப்பு அதிலேதான் இருக்கிற மாதிரி.

நான் குனிந்து பார்த்தேன். பிரேக்கைப் பிடித்திருக்கிற போல்ட்டின் தலை, ஆறு பட்டையாக இருக்க வேண்டியது, மொட்டையாகி மொழுமொழுவென்று இருந்தது.

"உருண்டுபோச்சா?" என்றேன்.

"கம்பெனிக்காரன் போட்ட போல்ட்டு. மட்டமான இரும்பு" என்றான் கன்ஜி.

"கம்பெனிக்காரனா? நாலு வருஷம் முன்னாடி இதே ஷெட்டுல, இதே அட்டைல படுத்து நீதானப்பா பேட் மாத்துன. நான் பாத்துட்டுத்தான இருந்தேன். பைப்பு கூட இதே பைப்புதான்."

"அக்கா, தெரியாத விஷயத்துல வாயக் குடுக்காதீங்க. லூசா விட்டா பிரேக் கழண்டுக்கும். பத்திரத்துக்கு ஒரு முடுக்கு முடுக்கினேன்."

"பத்திரம் நல்லாத்தான் இருக்கு. இப்ப அது உன்கிட்டருந்தே பத்திரமா இருக்கு."

மிசாவோ சிரிக்கவில்லை. "சுகவாராவக் கூப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டாள். சுகவாரா எங்கள் ஊர் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் கன்ஜிக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன்.

"அவனையா? என் செருப்பைத் தூக்கிட்டு வந்தவன் அவன். அவன்கிட்ட நான் போய் நிக்கணுமா?"

"நீங்க நிக்க வேணாம். போன் நான் பண்றேன்."

"பண்ணு, பண்ணு. வண்டி முழுக்க மாத்தணும்பான். திருட்டுப் பய."

மிசாவோ போன் செய்தாள். நவம்பர் கடைசி, ஊரே பனி டயர் மாற்றுவதற்குச் சுகவாரா வாசலில் வரிசை கட்டி நின்ற சமயம். அவன் ஒரு வண்டியின் அடியிலிருந்தே பேசினான். எனக்கும் கேட்டது.

"அண்ணி, இந்த வாரம் தலைகீழா நின்னாலும் வர முடியாது. அடுத்த வாரம் கடைசில பாக்கலாம்."

"திங்கக்கெழம வேலைக்குச் சேரணும் தம்பி."

அவன் ஸ்பேனரைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மொட்டையாக்கினது அண்ணன்தான?" என்றான்.

"அவருதான்."

"ஊர்ல நான் கழட்டுற மொட்டை போல்ட்டுல பாதி அண்ணன் கைபட்டதுதான். சரி, கேளுங்க. அது பதினாலாம் நம்பர் போல்ட்டு. பதிமூணாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், உள்ள ஆறு பட்டை இருக்குற மாதிரி ஒண்ணு எடுத்து, சுத்தியலால அடிச்சு அதும் தலையில ஏத்துங்க. கவ்விக்கும். அப்புறம் மெதுவாத் திருப்புங்க. புது போல்ட்டு நான் தரேன், யாராவது வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

"நான் வரேன்" என்று போனுக்குள் கத்தினேன்.

"பதிமூணு உங்ககிட்ட இருக்கா தம்பி?" என்று கேட்டாள் மிசாவோ.

"இருந்துச்சு. போன மாசம் எவனோ வாங்கிட்டுப் போனான். கொண்டு வரல."

கன்ஜி தன் டப்பாவைக் கவிழ்த்தான். பத்து இருந்தது, பன்னிரண்டு இருந்தது, பதினாலு, பதினேழு, பத்தொன்பது எல்லாம் இருந்தது. பதிமூன்று இல்லை. அவனிடம் மட்டுமில்லை, எங்கள் ஊரில் எவனிடமும் இருக்காது. எங்கள் நாட்டுக் கார்களில் பதிமூன்றாம் நம்பர் போல்ட்டே கிடையாது. போல்ட்டு இல்லாதபோது ஸ்பேனர் எதற்கு? நான் போய்ப் புதுப் போல்ட்டை வாங்கிக்கொண்டு வருகிற வழியில், படகு வைத்திருக்கிறவன், அரிசி மில்காரன், தபால்காரன் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். எல்லோரும் பத்து பன்னிரண்டு பதினாலைத்தான் எடுத்துக் காட்டினார்கள், நான் எண்ணத் தெரியாதவள் என்று நினைத்த மாதிரி.

"ஜெர்மன் காரு வச்சிருக்கறவன்கிட்டத்தான் பதிமூணு இருக்கும்" என்றான் அரிசி மில்காரன்.

ஊரில் ஜெர்மன் கார் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது புத்தர் கோயில் குருக்களுடையது.

நான் திரும்பி வந்து இதைச் சொன்னதும் கன்ஜியின் முகம் சுண்டிப்போயிற்று. செத்தவருக்கு மறு உலகத்துக்கென்று குருக்கள் புதுப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம், பெயர் நீளமாக இருந்தால்தான் கௌரவம். அவன் அப்பா செத்தபோது அந்தக் குருக்கள் வைத்த மறுமைப் பெயர் மூன்றே எழுத்தில் மட்டமாக இருந்தது என்று அவனுக்குப் பல வருஷக் கோபம். அன்றிலிருந்து கோயில் வாசல்படி ஏறவில்லை.

"அந்த மொட்டைத் தலையன்கிட்ட நான் போகமாட்டேன்."

"உன்னை யாரு போகச் சொன்னா? நீ இங்க இருந்து இந்த மொட்டைத் தலையப் பாத்துக்க" என்று போல்ட்டைக் காட்டிவிட்டு மிசாவோவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

குருக்கள் கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில், புத்தருக்குக்கூட இல்லாத புதுக் கூரையின் கீழே, தன் காரை மெல்லிய தோலால் துடைத்துக்கொண்டிருந்தான். ஆலங்கட்டி பெய்கிற நாளில் காரைத் துடைக்கிறவனை என்னவென்று சொல்ல?

"கும்பிடறேன் சாமி. பதிமூணாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் இருந்தா ஒரு நாளைக்கு வேணும்" என்றாள் மிசாவோ.

"பதிமூணா?" அவன் முகம் மலர்ந்தது. "நம்ம ஊரு வண்டிக்கு அது தேவைப்படாதே. ஐரோப்பா வண்டிக்குத்தான் அது."

"நம்ம ஊரு வண்டிதான் சாமி. போல்ட்டு தலை உருண்டுபோச்சு. அடிச்சு ஏத்தணும்."

"அடிச்சா? என் ஸ்பேனரையா?" தோலை மடித்து வைத்தான். "அது ஜெர்மனியிலருந்து வந்ததும்மா. நம்ம சந்தையில விக்கிற சாமான் மாதிரி இல்ல."

"அதனாலதான் கேக்கறோம்" என்றேன் நான். "நம்மூரு சாமான்னா அடி தாங்காதே."

அதில் புகழ்ச்சி இருந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான். ஒவ்வொரு ஸ்பேனரும் அதனதன் பள்ளத்தில் படுத்திருக்கிற பெரிய பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். பாதிக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கே படாமல் கிடந்தன.

"கன்ஜி ஏன் வரல?" என்று கேட்டான், ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே.

"உடம்பு சரியில்லைங்க சாமி."

"உடம்பா, மனசா? அவங்கப்பா பேரு விஷயத்துல அவன் பேசினதெல்லாம் என் காதுக்கு வந்துச்சு. அவன் வந்து ஒரு வார்த்தை கேட்டா நல்லா இருக்கும்."

மிசாவோ ஆலங்கட்டி கிடந்த அந்தத் தரையில் மண்டியிட்டு நெற்றி படக் குனிந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு இரும்புத் துண்டுக்கு! குருக்கள் அவள் நிமிர்கிறவரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஸ்பேனரைக் கொடுத்தான். நசுங்கினால் சொல்லச் சொன்னான். த்தூ, இவனும் ஒரு சாமியார்.

திரும்பி வந்தபோது கன்ஜி போல்ட்டின்மேல் துருக்கு அடிக்கிற எண்ணெயை ஒரு டப்பா முழுக்க ஊற்றி வைத்திருந்தான். அது ஒன்றுதான் அன்றைக்கு அவன் செய்த உருப்படியான காரியம். ஸ்பேனரை வாங்கக் கையை நீட்டினான்.

மிசாவோ கொடுக்கவில்லை. "நகருங்க" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"மீன் மண்டைய உடைக்கத் தெரியும். நகருங்க."

அவள் அந்த அட்டைமேல் படுத்தாள். ஸ்பேனரைப் போல்ட்டின் தலையில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். முதலில் வழுக்கியது. மறுபடி வைத்து, இந்த முறை நேராக, அவசரமில்லாமல், ஒரே கனத்தில் அடித்துக்கொண்டே போனாள். சத்தம் மாறியது. டொக்கு டொக்கென்று கேட்டது டங்கென்று ஆனது.

"கவ்விருச்சு" என்றாள்.

கைப்பிடியை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கன்ஜி பக்கத்தில் நின்று, "வேகமா ஒரு இழு இழு, வேகமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"வாய மூடுய்யா" என்றேன்.

டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. உடைந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். உடையவில்லை, இளகியிருந்தது. அதற்குப் பிறகு விரலாலேயே திருப்பினாள். துருத்தூள் அவள் கன்னத்தில் கொட்டியது. போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படுத்தபடியே சிரித்தாள். அவள் அப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பாத்தீங்களாக்கா! நாந்தான் கழட்டினேன்!"

"நீதாண்டி கழட்டின. நீதான்."

பேட் மாற்றினாள். புதுப் போல்ட்டைப் போடும்போது சுகவாராவுக்குப் போன் செய்து காதில் இடுக்கிக்கொண்டாள். "கையால போற வரைக்கும் போங்க அண்ணி. அப்புறம் சின்ன ஸ்பேனரால, பைப்பு இல்லாம, கெட்டியாப் பிடிக்கிற வரைக்கும். பிடிச்சதும் நிறுத்திடுங்க. அதுக்கு மேல ஒரு நூல் கூட வேணாம்" என்றான். அவள் அப்படியே செய்து நிறுத்தினாள்.

"அவ்வளவுதானா?" என்றான் கன்ஜி.

"அவ்வளவுதான்."

"அது பத்தாது."

"பத்தும். நீங்க அதத் தொடக்கூடாது. கேட்டுதா? சக்கரத்தைக் காலையில நானே மாட்டிக்கறேன். நீங்க தொடக்கூடாது."

அவள் அவனிடம் அந்தக் குரலில் பேசியதை நான் அதுவரை கேட்டதில்லை. மூன்று பேரும் உள்ளே போய் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஹதஹதா சுட்டுச் சாப்பிட்டோம். முட்டை நிறைந்த மீன், கடிக்கும்போது நறநறவென்றது. மிசாவோ இரண்டு கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டாள். விடுதியில் காலை உணவுக்கு என்னென்ன வைக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தாள். சிவப்பு டர்னிப் ஊறுகாயை இன்னும் கொஞ்சம் புளிப்பாகப் போடலாமா என்று என்னைக் கேட்டாள். கன்ஜி முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே தின்றான்.

"அப்ப எனக்குக் காலைல சாப்பாடு?" என்று கடைசியில் கேட்டான்.

"சோறு குக்கர்ல இருக்கும். சாறு சட்டியில இருக்கும். நீங்க மூடியத் திறக்கணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை நான் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தபோது கார் இன்னும் ஜாக்கிமேல் நின்றுகொண்டிருந்தது. அந்நேரம் அது டவுனில் இருந்திருக்க வேண்டும். என்ன நடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நேராக ஷெட்டுக்குள் நடந்தேன்.

மிசாவோ நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். கன்ஜி கவிழ்த்த பீர் கிரேட்மேல் உட்கார்ந்திருந்தான். காலுக்குப் பக்கத்தில் அந்தப் பைப் கிடந்தது. உள்ளங்கையில் புதுப் போல்ட்டின் தலை மட்டும் பளபளவென்று இருந்தது. மீதி உள்ளே மாட்டிக்கொண்டு கிடந்தது.

"என்னய்யா செஞ்ச?" என்றேன்.

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணும் செய்யாமத் தலை தனியா வந்துருச்சா?"

"பொம்பள முடுக்கினது. பிரேக்கு சமாச்சாரம். மலை ரோடு. நான் எப்படி நம்பி அனுப்புறது?" அவன் குரல் உடைந்தது. "பத்திரத்துக்குத்தான் அக்கா. சும்மா ஒரே ஒரு இழு..."

அவனுக்கு அழுகை வந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. பெண்டாட்டிமேல் அவனுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. அவள் செய்து முடித்த ஒரு காரியத்தை முடிந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் அவனால் முடியவில்லை. அந்த அக்கறையை வைத்து நாக்கு வழிக்கவா?

சுகவாராவுக்குப் போன் போட்டேன். உள்ளே முறிந்ததை அவன்தான் வந்து துளை போட்டு எடுக்க வேண்டுமாம், அடுத்த வாரத்துக்கு முன்னால் நடக்காது என்றான். பிறகு, "அண்ணன் பத்திரமா இருக்காரா?" என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துவிட்டேன்.

மிசாவோ கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் போனை எடுத்தாள். கதவு திறந்தே இருந்தது.

"அம்மா, நான் இசோமுரா மிசாவோ பேசறேன். அன்னிக்கு நீங்க மாடியில ரூம் இருக்கு, தங்கிக்கிறியான்னு கேட்டீங்க. வீட்டுக்காரரு தனியா இருப்பாரு, தெனமும் வந்து போறேன்னு நான் சொன்னேன்ல... ஆமாங்க... இல்லீங்க, அவரு நல்லாத்தான் இருக்காரு. நான் தங்கிக்கறேன்... ஞாயித்துக்கெழமையே வந்துடறேன்."

கன்ஜி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எழுந்து போய் அவளிடம் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். போல்ட்டின் தலையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து முறிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை இல்லை. என் குட்டி லாரியைக் கழுவி அவர்கள் வாசலில் நிறுத்தினேன். மெத்தை ஒன்று, துணிப்பெட்டி ஒன்று, அவள் மிசோ ஜாடி. அவ்வளவுதான் சாமான். பனி முதல் முறையாகக் கனமாக இறங்கிக்கொண்டிருந்தது. மிசாவோ முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டினேன்.

கன்ஜி ரப்பர் பூட்ஸோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"எப்ப வருவாளாம்?"

"லீவு குடுத்தா வருவா. கேட்டியா நீ?"

"காரு இருந்திருந்தா அவ தனியா அந்த மலை ரோட்டுல போயிருப்பா. அதான் எனக்கு..."

"யோவ் கன்ஜி" என்றேன். "அவளக் கொண்டு போறதுக்கு என் மீன் வண்டி போதும்யா. இப்பப் பாரு, போகுதுல்ல? தெனமும் ராத்திரி அவள உன்கிட்டத் திருப்பிக் கொண்டாந்து விடத்தான்யா அந்தக் காரு."

அவன் முகத்தில் பனி விழுந்து உருகியது, துடைத்துக்கொள்ளவில்லை. முன்சீட்டுக் கண்ணாடிப் பக்கம் போகப் போகிறான், கண்ணாடியைத் தட்டப் போகிறான் என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன். போகவில்லை. லாரியின் பின்பக்கம் வந்து, நான் கட்டியிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். காலை அகட்டி வைத்தான். கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரு இழு இழுத்தான்.

விடுதி வாசலில் அந்த முடிச்சை அவிழ்க்க எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். என் மீன் கத்தியை எடுத்துக்கொண்டு மிசாவோவின் முகத்தைப் பார்த்தேன்.

"அறுங்கக்கா" என்றாள்.